ஆலெஃப் கடவுளா? போர்ஹெஸ் கதைகளில் முடிவின்மையை எப்படிப் படிப்பது

உங்கள் கேள்வி இதுதான்: எம்.ஏ. பாடத்தில் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸின் ‘பாபேல் நூலகம்’, ‘ஆலெஃப்’, ‘மணல் புத்தகம்’ ஆகிய மூன்று சிறுகதைகள் இருக்கின்றன. நூலகத்தின் அறுகோண அறை எதன் குறியீடு, ஆலெஃப் என்பது கடவுளா பிரம்மமா, மணல் புத்தகம் காலத்தைக் குறிக்கிறதா என்று வகுப்பில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள், எது சரி? இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது, உங்களை நிஜமாகத் தொந்தரவு செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். கதையில் வரும் பொருட்களில் எது குறியீடு, எது வெறுமனே அங்கே கிடக்கும் சாமான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் படித்து, அதையே பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறவன். கணிதம் என் துறை இல்லை. ஆகவே கீழே கணிதம் வரும் இடங்களில் கதைக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் எண்கள். ‘பாபேல் நூலகம்’ கதையில் உலகமே அறுகோண அறைகளாலான ஒரு நூலகம். அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து. அலமாரித் தட்டு இத்தனை, தட்டுக்குப் புத்தகம் இத்தனை என்றும் கணக்கு வருகிறது. இந்த எண்களுக்கெல்லாம் கபாலா என்ற யூத மறைஞான மரபிலும் எண் சோதிடத்திலும் அர்த்தம் தேடியவர்கள் நிறையப் பேர். போர்ஹெஸ் 1930களின் கடைசியிலிருந்து 1946 வரை புவெனோஸ் ஐரிஸின் மிகெல் கானே நகராட்சி நூலகத்தில் கீழ்மட்ட உதவியாளராக வேலை பார்த்தார். சலிப்பான வேலை. பாபேல் நூலகம் அந்த இடத்தையே பெரிதாக்கிப் பார்த்த ஒரு கெட்ட கனவு என்றும், கதையில் வரும் அலமாரி, புத்தக எண்ணிக்கைகள் தன் கைக்குப் பக்கத்தில் இருந்தவற்றின் கணக்குதான் என்றும், கெட்டிக்கார விமர்சகர்கள் அவற்றுக்குத் தாராளமாக மறைபொருள் வழங்கிவிட்டார்கள் என்றும் 1970இல் தன்வரலாற்றுக் கட்டுரையில் அவரே எழுதினார். ஆக, தட்டில் இருக்கும் எண்களுக்குப் பொருள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அறுகோணத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பக்கூடிய வடிவம் அது என்பது நிச்சயம். அதற்கு மேல் தேன்கூடு, ஆறு சக்கரம் என்று போவதெல்லாம் வாசகரின் சொந்தச் செலவு.

நூலகத்தில் மிக முக்கியமான விஷயம் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. அது முடிவற்ற நூலகம் இல்லை. 22 எழுத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி என்று மொத்தம் 25 குறிகள். ஒரு புத்தகத்தில் 13,12,000 குறிகள். 25ஐ அத்தனை முறை பெருக்கினால் எத்தனை வருமோ அத்தனை புத்தகங்கள், எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அந்த எண்ணை எழுதினால் அதுவே 18 லட்சம் இலக்கங்களைத் தாண்டும். அதாவது நூலகத்தில் எத்தனை புத்தகம் என்ற எண்ணை மட்டும் அச்சடிக்கவே அந்த நூலகத்துப் புத்தகம் ஒன்று பத்தாது, இரண்டாவது வேண்டும். ஆனாலும் அது எல்லையுள்ள எண்தான். அந்த நூலகத்துக்குள்ளேயே வாழும் கதைசொல்லிக்கும் இது தெரியும். அதனால்தான் கடைசிப் பத்தியில் ஒரு சமாதானம் தேடுகிறான்: புத்தகங்கள் முடிந்துபோனாலும், எந்தத் திசையில் போனாலும் அதே குழப்பம் அதே வரிசையில் மறுபடி மறுபடி வரும், நூலகம் எல்லையற்றது, சுழற்சியுடையது என்கிறான். இது அவன் நிரூபித்த உண்மை இல்லை. கண் மங்கி, தனியாக, சாவை எதிர்பார்த்திருக்கும் கிழவனின் நம்பிக்கை. முடிவின்மையை அவன் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, ஆசைப்படுகிறான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கதை வேறு மாதிரித் திறக்கும்.

இந்த நூலகம் என்ற யோசனையே போர்ஹெஸுடையது இல்லை. ஜெர்மானிய எழுத்தாளர் குர்ட் லாஸ்விட்ஸ் 1904இல் இதே நூலகத்தைக் கதையாக எழுதியிருந்தார். போர்ஹெஸே 1939இல் எழுதிய கட்டுரையில் அதைச் சொல்லியிருக்கிறார். லாஸ்விட்ஸின் கதையில் மனிதர்கள் வெளியே உட்கார்ந்து பேசிக் கணக்குப் போடுகிறார்கள். போர்ஹெஸ் செய்தது அந்த மனிதர்களை உள்ளே போட்டுப் பூட்டியது. உள்ளே போனதும் என்னென்ன நடக்கிறது பாருங்கள். ‘எல்லாப் புத்தகமும் இங்கே இருக்கிறது’ என்ற செய்தி வந்தவுடன் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். என் வாழ்க்கைக்கு நியாயம் சொல்லும் புத்தகம் எங்கோ இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பி, குறுகிய நடைகளில் சண்டையிட்டு, படிக்கட்டுகளில் ஒருவரையொருவர் கழுத்தை நெரிக்கிறார்கள். அரசாங்கத் தேடுநர்கள் பதவி வருகிறது. பயனில்லாத புத்தகங்களை அழிக்கும் கூட்டம் ஒன்று புறப்படுகிறது. கதைசொல்லியின் அப்பா ஒருமுறை பார்த்த புத்தகத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எம், சி, வி என்ற மூன்று எழுத்துதான் திரும்பத் திரும்ப. அந்த அப்பாவை நினைத்தால் எனக்கு எப்போதும் பாவமாக இருக்கும்.

உங்கள் ‘கடவுளா?’ என்ற கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வட்டமான ஓர் அறை, சுவரைச் சுற்றி முதுகு அறுபடாத ஒரே ஒரு வட்டப் புத்தகம், அதைப் பரவசத்தில் பார்த்தோம் என்று ஞானிகள் சிலர் சொல்கிறார்கள். அந்தப் புத்தகம்தான் கடவுள் என்கிறான் கதைசொல்லி. ஆனால் அவர்களுடைய சாட்சியம் சந்தேகத்துக்குரியது, பேச்சு தெளிவில்லை என்று அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறான். குறியீட்டுக்குப் பொருள் தேடுகிறவர்கள் இந்தக் கதையில் பாத்திரங்களாக வருகிறார்கள். நம் வகுப்பறை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இனி ‘ஆலெஃப்’. 1945இல் ‘சூர்’ இதழில் வந்தது, 1949இல் இதே தலைப்புடைய தொகுப்பில் சேர்ந்தது. எல்லோரும் நிலவறைக் காட்சிக்கு ஓடுவார்கள். நீங்கள் முதல் வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெயாத்ரீஸ் வித்தெர்போ என்ற பெண் பிப்ரவரி மாதத்துக் காலையில் செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு கான்ஸ்தித்துசியோன் சதுக்கத்தின் விளம்பரப் பலகைகளில் ஏதோ ஒரு சிகரெட்டின் புது விளம்பரம் ஒட்டியிருப்பதை அவளை விரும்பிய கதைசொல்லி பார்க்கிறான். அவன் பெயரும் போர்ஹெஸ்தான். அது அவனுக்கு வலிக்கிறது. ஏனென்றால் இந்தப் பரந்த பிரபஞ்சம் அவளை விட்டு விலக ஆரம்பித்துவிட்டது, இது முடிவில்லாத ஒரு மாற்ற வரிசையின் முதல் மாற்றம் என்று அவனுக்குப் புரிகிறது. முடிவின்மை கதைக்குள் வருவது இங்கேதான். ஆலெஃப் வருவதற்குப் பல பக்கங்கள் முன்னால், ஒரு சிகரெட் விளம்பரமாக. இறந்தவளைத் தெரியாத நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கப்போகின்றன என்பதுதான் இந்தக் கதையின் முதல் முடிவிலி. நிலவறையில் பின்னால் வருவது அதற்கு எதிரான ஆசை: எல்லாமே, எப்போதுமே, ஒரே இடத்தில்.

கராய் தெருவில் அவள் வீடு. வருடா வருடம் அவள் பிறந்தநாளன்று அங்கே போகிறான். அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரன் கார்லோஸ் அர்ஹென்தீனோ தனேரி, பூமி முழுவதையும் செய்யுளில் அடக்கிவிட முயலும் ஒரு சகிக்க முடியாத கவிஞன். நிலவறைப் படிக்கட்டில் பத்தொன்பதாம் படியருகே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஒளிக் கோளம், அதுதான் ஆலெஃப். அதில் உலகத்தின் எல்லா இடமும் ஒன்றோடொன்று கலக்காமல் தெரிகிறது. போர்ஹெஸ் இங்கே ஒரு தொழில்முறைச் சிக்கலை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: பார்த்தது ஒரே நேரத்தில், எழுதுவது ஒன்றன்பின் ஒன்றாக, மொழி அப்படித்தான். அப்புறம் ‘பார்த்தேன், பார்த்தேன்’ என்று நீளும் அந்தப் பட்டியல். கடல், விடியல், கறுப்புப் பிரமிடு நடுவே வெள்ளிச் சிலந்திவலை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த பூகோள உருண்டை, நம்மூர் மிர்சாபூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்பானியச் சீட்டுக்கட்டு. இந்தச் சீட்டுக்கட்டை வைத்து ஒரு சோதனை செய்யலாம். கதையின் பின்குறிப்பில் தன் புத்தகம் ஒன்று பரிசுப் போட்டியில் ஓர் ஓட்டுக்கூட வாங்கவில்லை என்று கதைசொல்லி புலம்புகிறான். அந்தப் புத்தகத்தின் பெயரில் சூதாடியின் சீட்டுகள் வருகின்றன. தொடர்பு இருக்கிறதா? இருக்கலாம். நான் பரீட்சைத் தாளில் இதை எழுதமாட்டேன், நண்பர்களோடு பேசும்போது சொல்வேன். ஆனால் அதே பட்டியலில் மேசை இழுப்பறையில் பெயாத்ரீஸ் தனேரிக்கு எழுதிய ஆபாசமான, நம்ப முடியாத, துல்லியமான கடிதங்கள் தெரிகின்றன. அது கண்டிப்பாகத் தற்செயல் இல்லை. அவளுக்காகக் கதைசொல்லிக்கும் தனேரிக்கும் கதை முழுக்க நடந்த போட்டியின் முடிவு அந்த ஓர் இழுப்பறையில் இருக்கிறது. பட்டியலில் எது எடையுள்ளது என்று கேட்டால், கதையின் மற்ற பாகங்களோடு எது கயிறு கட்டிக்கொண்டிருக்கிறதோ அது.

பிரம்மம், விசுவரூபம் என்ற விளக்கத்துக்கு வருகிறேன். தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றுவது அதுதான், கண்ணன் வாயில் யசோதை உலகத்தைப் பார்த்த கதையும் கூடவே வரும். தப்பில்லை. கதையின் பின்குறிப்பே ஆலெஃப் என்ற எபிரேய எழுத்து கபாலாவில் எல்லையற்ற தெய்வத்தைக் குறிக்கிறது என்று சொல்கிறது. ஆனால் பார்த்தவனுக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். விசுவரூபம் பார்த்த அர்ஜுனன் நடுங்கிக் கைகூப்பி, பழைய உருவத்துக்குத் திரும்பும்படி வேண்டுகிறான். போர்ஹெஸின் கதைசொல்லி முழுப் பிரபஞ்சத்தையும் பார்த்துத் தலைசுற்றி அழுகிறான். அழுதுவிட்டு எழுந்தவன் படியேறி வருவதற்குள் பழிவாங்கத் தீர்மானித்துவிடுகிறான். தனேரி ஆவலோடு கேட்க, இவன் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், கனிவாகப் பேசி, பட்டணத்தை விட்டுக் கிராமப்பக்கம் போய் ஓய்வெடுங்கள் என்று பைத்தியத்துக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். சர்வத்தையும் பார்த்த பிறகும் பொறாமை அப்படியே இருக்கிறது. தூக்கமில்லாத சில இரவுகள் கழிந்ததும் மறதி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறது. பின்குறிப்பில் அதையும் தாண்டி, கராய் தெருவில் இருந்தது போலி ஆலெஃப் என்று நினைக்கிறேன், உண்மையானது கெய்ரோவில் ஒரு மசூதித் தூணுக்குள் இருக்கலாம் என்கிறான். கடவுள் என்று எழுதினால் இந்தக் கடைசிப் பக்கங்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். என் வாசிப்பில் போர்ஹெஸுக்கு முடிவின்மை என்பது மனிதனைச் சோதிக்கும் கருவி. அது எதைக் குறிக்கிறது என்று கேட்பதைவிட, அதைக் கையில் வாங்கியவன் என்ன செய்கிறான் என்று கேட்டால் கதை பதில் சொல்கிறது.

இதே கதையில் எழுத்தாளர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்ற பிரச்சினையும் இருக்கிறது. பெயாத்ரீஸ் என்றால் இத்தாலியக் கவிஞர் தாந்தே காதலித்து இழந்த பெயாத்ரிச்சே, நிலவறை என்றால் நரகத்துக்கு இறங்குவது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். எதிர்பாராத இந்தப் பரிசுகளுக்கு நன்றி என்று போர்ஹெஸ் கேலியாக ஒதுக்கினார். நூலக எண்கள் விஷயத்தில் அவரை நம்பச் சொன்ன நான், இங்கே நம்ப வேண்டாம் என்கிறேன். காரணம் இருக்கிறது. எண்கள் கதையில் வேறு எதையும் தொடவில்லை. பெயாத்ரீஸோ கதையின் நடுத்தூண். தாந்தே பற்றிய கட்டுரையொன்றில் போர்ஹெஸே எழுதுகிறார்: இழந்துவிட்ட பெயாத்ரிச்சேயை ஒரு சில முறை சந்திப்பதற்காகவே தாந்தே இலக்கியத்தின் மிகச் சிறந்த நூலைக் கட்டினார் என்று சந்தேகிக்கிறேன். இதை எழுதியவர், இறந்துபோன பெயாத்ரீஸைப் பார்ப்பதற்கு ஒரு பிரபஞ்சத்தையே நிலவறைக்குள் வைத்தவர். தெரியாமல் செய்தார் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கணிதம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். கொஞ்சம் போதும். கணிதவியலாளர் ஜார்ஜ் கேன்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முடிவிலிகளை அளக்கும் எண்களுக்கு ஆலெஃப் எழுத்தைச் சூட்டினார். 1, 2, 3 என்ற வரிசையையும் 2, 4, 6 என்ற வரிசையையும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்துக்கொண்டே போகலாம், எந்தப் பக்கமும் மிச்சம் இராது. ஆகவே இரட்டை எண்கள் மொத்த எண்களின் ஒரு பகுதிதான் என்றாலும் எண்ணிக்கையில் இரண்டும் சமம். முழுமை தன் பகுதியைவிடப் பெரிதாக இல்லாத இந்த விசித்திரத்தைப் பின்குறிப்பு நேராகவே சொல்கிறது. கதையில் அது காட்சியாகவும் நடக்கிறது: ஆலெஃபுக்குள் பூமி, பூமிக்குள் ஆலெஃப், அந்த ஆலெஃபுக்குள் மறுபடி பூமி. போர்ஹெஸ் கேன்டரைப் படித்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை, 1936இல் வந்த கட்டுரைத் தொகுப்பிலேயே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் கதையைத் தேற்றத்தின் விளக்கவுரையாக மாற்றிவிடாதீர்கள்.

‘மணல் புத்தகம்’ 1975இல் வந்தது. இதன் விதை பாபேல் நூலகத்தின் கடைசி அடிக்குறிப்பில் இருக்கிறது. இவ்வளவு பெரிய நூலகம் எதற்கு, முடிவில்லாத மெல்லிய தாள்கள் கொண்ட ஒரே புத்தகம் போதுமே என்று அந்தக் குறிப்பு சொல்லும். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்தப் புத்தகத்தை ஒரு பைபிள் வியாபாரி கதைசொல்லியின் கதவைத் தட்டிக் கொண்டுவருகிறான். முதுகில் பம்பாய் என்று அச்சாகியிருக்கிறது. பிக்கானீர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், எழுத்தறியாத ஒருவரிடம் சில ரூபாயும் ஒரு பைபிளும் கொடுத்து வாங்கினானாம். அந்த மனிதர் மிகத் தாழ்த்தப்பட்ட சாதி, அவர் நிழலை மிதித்தாலே தீட்டு என்று வியாபாரி சொல்கிறான். நாம் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது, ஆனால் போர்ஹெஸ் இதைச் சாதி விமர்சனமாக எழுதினார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எனக்குத் தெரிந்தவரை நம் நாடு அங்கே தொலைதூரத்து மர்மமாகத்தான் வருகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று: அதை வைத்திருந்தவருக்குப் படிக்கத் தெரியாது, அவர் சும்மா இருந்தார். படிக்கத் தெரிந்தவனிடம் வந்ததும்தான் அது நோயாகிறது. தூக்கம் போகிறது, நண்பர்கள் போகிறார்கள், படங்களைக் கணக்கெடுக்கிறான், கடைசியில் அந்தப் புத்தகம் மட்டுமல்ல, அதைப் பத்து விரலால் தொடும் தானும் அரக்கத்தனமானவன் என்று உணர்கிறான். எரிக்கலாம் என்றால் முடிவில்லாத புத்தகத்தின் நெருப்பும் முடியாமல் எரிந்து உலகையே புகையில் மூச்சுமுட்ட வைக்குமோ என்று பயம். தேசிய நூலகத்தின் அடித்தளத்தில் ஏதோ ஒரு தட்டில், எது என்று தானே கவனிக்காமல், வைத்துவிட்டு வருகிறான். காலம் என்று எழுதினால் மதிப்பெண் வரும். கதை வராது.

நான்காவதாக ஒரு கதை படிக்க நேரமிருந்தால் ‘அஸ்தெரியோனின் வீடு’ படியுங்கள், மூன்று நான்கு பக்கம்தான். பேசுகிறவன் தன் வீட்டின் கதவுகள் முடிவற்றவை என்கிறான். உடனே ஓர் அடிக்குறிப்பு: மூலத்தில் 14 என்று இருக்கிறது, ஆனால் அஸ்தெரியோன் 14 என்றால் முடிவற்றது என்றே பொருள்கொள்ள நிறையக் காரணம் உண்டு. பிறகு கதைக்குள் 14 வரும்போதெல்லாம் நமக்குக் கண் கூசும். இங்கே எல்லாம் பல தடவை, 14 தடவை இருக்கிறது, மேலே சூரியனும் கீழே அஸ்தெரியோனும் மட்டுமே ஒருமுறை. எண்ணத் தெரியாத குழந்தையின் ‘நிறைய’ அது. பேசுகிறவன் கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை மனிதனான மினோட்டார் என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது. அவன் தன்னைக் காத்துக்கொள்ளக்கூடப் பெரிதாக முயலவில்லை என்று அவனைக் கொன்றவன் ஆச்சரியப்படுகிறான். தனிமையில் இருப்பவனுக்கு 14 கதவே முடிவிலி. இந்த அடிக்குறிப்பைவிட நல்ல பயிற்சி இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாது.

எல்லா லத்தீன் அமெரிக்க முடிவின்மையும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசாரின் ‘பூங்காக்களின் தொடர்ச்சி’ இரண்டே பக்கம். பச்சை வெல்வெட் நாற்காலியில் ஒருவன் நாவல் படிக்கிறான், நாவலில் கள்ளக்காதலன் கத்தியோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறான், அங்கே பச்சை வெல்வெட் நாற்காலியில் ஒருவன் நாவல் படித்துக்கொண்டிருக்கிறான். இதிலும் வளையம் இருக்கிறது. ஆனால் இங்கே கணிதமும் இல்லை, இறையியலும் இல்லை. நம் முதுகு சில்லிடுவதுதான் நோக்கம். அந்த நாற்காலி எதன் குறியீடு என்று யாராவது கேட்டால், அது நாற்காலி என்று சொல்லுங்கள். போர்ஹெஸும் இந்த வகை வளையத்தை ரசித்தவர். வால்மீகியிடம் வளர்ந்த லவனும் குசனும் ராமன் முன்னால் ராமாயணத்தையே பாடுவதை ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டி, கதைப் பாத்திரங்கள் வாசகர்களாக முடிந்தால் வாசகர்களாகிய நாமும் கற்பனையாக இருக்கலாமே என்று கேட்டார்.

உங்கள் கட்டுரைக்கு: கபாலா, கேன்டர் இரண்டையும் தாராளமாக எழுதலாம், கதையிலேயே இருக்கின்றன. தாந்தேயை எழுதுங்கள், போர்ஹெஸின் மறுப்பையும் பக்கத்திலேயே வையுங்கள். பிரம்மம் என்று எழுத ஆசையாக இருந்தால் உங்கள் ஒப்பீடு என்று சொல்லி எழுதுங்கள், கதை சொல்வதாக எழுதாதீர்கள், அர்ஜுனனுக்கும் கதைசொல்லிக்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். அறுகோணத்துக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மிச்சம் கிடைக்கும் இடத்தில் அந்த சிகரெட் விளம்பரத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதுங்கள். திருத்துகிறவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.